அமெரிக்காவில் கியர் பாக்ஸ் செலவு: செயின் ஷாப்பில் கையெழுத்துப் போடும் முன் எதை எந்த வரிசையில் செய்வது

வண்டி டிரைவில் போட்டும் நகரவில்லை. அல்லது ஹைவேயில் என்ஜின் மட்டும் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை. ஆம்கோ, மைடாஸ், பெப் பாய்ஸ், மைனிக்கி என்று பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு செயின் ஷாப்புக்கு வண்டி போகிறது. மறுநாள் போன் வருகிறது: "டிரான்ஸ்மிஷன் (அதாவது கியர் பாக்ஸ்) போய்விட்டது, நாலாயிரம் டாலர் ஆகும், மாதத் தவணை வசதி உண்டு." படிக்க வந்தவரும் வேலைக்கு வந்து ஓரிரு வருடமே ஆனவரும் பெரும்பாலும் அந்த போனிலேயே "சரி" சொல்லிவிடுகிறார்கள்.

அந்தச் "சரி"க்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் இங்கே. புதிதாக வந்தவர்களுக்குத் துணையாக ஷாப்புக்குப் போய்ப் பார்த்ததில், அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். கியர் பாக்ஸைப் பிரித்த பிறகு விலை கேட்கிறார்கள். விலைக்கு ஒப்புக்கொண்ட பிறகு கடன் தேடுகிறார்கள். கடன் வாங்கிய பிறகு, வாரண்டி இருந்திருக்குமோ என்று யோசிக்கிறார்கள். பிரித்துப் போட்ட கியர் பாக்ஸோடு லிஃப்டில் நிற்கும் வண்டியை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. அதனால் பணம் பற்றிய முடிவெல்லாம் கியர் பாக்ஸைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

வண்டியின் அடையாள எண்ணான 17 இலக்க விஐஎன். ஓட்டுநர் பக்கம் கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் தெரியும், இன்சூரன்ஸ் அட்டையிலும் இருக்கும். அதோடு இப்போதைய மைலேஜ், வண்டி முதன்முதலில் விற்கப்பட்ட தேதி, ஆயில் மாற்றியது முதல் எல்லா சர்வீஸ் ரசீதுகளும் வேண்டும். பழைய வண்டி வாங்கியவர்கள் முதல் விற்பனைத் தேதியை அந்தக் கம்பெனியின் டீலரிடம் விஐஎன் கொடுத்துக் கேட்கலாம். வாரண்டி அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படுகிறது. நீங்கள் வாங்கிய நாளோ மாடல் வருடமோ கணக்கில் வராது.

வண்டி வாங்கும்போது டீலர் தலையில் கட்டிய சர்வீஸ் கான்ட்ராக்ட் (பின்னால் வரும் ரிப்பேருக்காகத் தனியாகப் பணம் கட்டி வாங்கும் ஒப்பந்தம்) ஏதாவது இருந்தால் அந்தத் தாளையும் தேடி எடுங்கள். கார் லோன் பாக்கி எவ்வளவு, கிரெடிட் ஸ்கோர் என்ன, ஒவ்வொரு கார்டிலும் எவ்வளவு லிமிட் மிச்சம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காக கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்து வைத்திருப்பவர்கள் கடன் விண்ணப்பிக்கும் முன் அதை விலக்க மறந்துவிடுகிறார்கள். நல்ல ஸ்கோர் இருந்தும் விண்ணப்பம் நின்றுபோய், ஷாப்காரர் நீட்டும் எதையோ எடுத்துக்கொள்ள நேர்வது இப்படித்தான்.

2. வண்டி எங்கே போக வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்

நழுவும், அதாவது என்ஜின் உறுமியும் வேகம் ஏறாத, கியர் பாக்ஸோடு ஓட்டிப் போகாதீர்கள். ஆயில் குறைந்த கியர் பாக்ஸில் ஓட்டும் ஒவ்வொரு மைலும் உள்ளே கிளட்ச் தட்டுகளை எரிக்கும். சில நூறு டாலரில் முடிந்திருக்க வேண்டியது சில ஆயிரத்துக்குப் போய்விடும்.

பழுதான வண்டியை இழுத்துச் செல்லும் டோ வண்டிக்காரர் "எங்கே விடட்டும்" என்று கேட்டால் வீட்டு வாசல் நல்ல பதில். ஷாப்புக்குள் போய்விட்ட வண்டியை வெளியே எடுக்க இன்னொரு டோ செலவு ஆகும். சில இடங்களில் நிறுத்தி வைத்ததற்கு நாள் வாடகையும் கேட்பார்கள். அந்த எரிச்சலிலேயே பலர் முதல் ஷாப்பிலேயே வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். இன்சூரன்ஸில் ரோட்சைடு உதவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாலை உதவி தரும் டிரிபிள் ஏ சங்கத்தின் உறுப்பினர் என்றால் உங்கள் பிளானில் எத்தனை மைல் இலவசம் என்று கேளுங்கள். பிளஸ் பிளானில் அது 100 மைல், அப்படியானால் வீட்டுக்கு ஒரு முறை, பிறகு தேர்ந்தெடுத்த ஷாப்புக்கு ஒரு முறை என்று இழுத்துச் செல்வதில் கவலை இல்லை.

3. இந்த பில்லை வேறு யாராவது கட்ட வேண்டியதா

இதற்கு ஒரு மாலை நேரம் போதும். பல ஆயிரம் டாலர் மிச்சமாகக்கூடிய இடமும் இதுதான்.

கம்பெனியின் பவர்டிரெயின் வாரண்டி (என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்குமானது) பெரும்பாலும் 5 வருடம் அல்லது 60,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை. டொயோட்டா, ஹோண்டா எல்லாம் இப்படித்தான். ஹியுண்டாய், கியா 10 வருடம், 1,00,000 மைல் என்று விளம்பரம் செய்வது முதல் உரிமையாளருக்கு மட்டும். இரண்டாவது கையாக வாங்கியவருக்கு அது 5 வருடம், 60,000 மைலாகச் சுருங்கிவிடும். கம்பெனியின் சர்ட்டிஃபைடு பழைய வண்டியாக வாங்கியிருந்தால் நிலைமை வேறு, அந்தத் தாளைப் படித்துப் பாருங்கள்.

வாரண்டி முடிந்துவிட்டாலும் ஒரு வழி உண்டு. சில மாடல்களில் கியர் பாக்ஸ் தொல்லை பரவலாக வந்தபோது கம்பெனிகளே வாரண்டியை நீட்டித்தன. நிஸான் 2013 முதல் 2016 வரையான ஆல்டிமாக்களின் சிவிடிக்கு (தனித்தனி கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக் வகை) 84 மாதம் அல்லது 84,000 மைல் என்று நீட்டித்தது. சுபாரு தன் சிவிடி வண்டிகள் பலவற்றுக்கு 10 வருடம் அல்லது 1,00,000 மைல் கொடுத்தது. உங்கள் மாடலுக்கு அப்படி ஏதாவது உண்டா என்பது டீலரின் கணினியில் விஐஎன் போட்டால் வந்துவிடும். செயின் ஷாப்பில் இதைச் சொல்லமாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை.

அடுத்தது ரீகால், அதாவது பாதுகாப்புக் குறைக்காக வண்டியைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது. மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் விஐஎன் போட்டுப் பாருங்கள். பாக்கி ரீகால் இருந்தால் டீலர் இலவசமாகச் செய்து தர வேண்டும். முதல் விற்பனையிலிருந்து 15 வருடம் வரை இந்தக் கட்டாயம் உண்டு. அதே தளத்தில், கம்பெனி தன் டீலர்களுக்கு அனுப்பிய தொழில்நுட்பக் குறிப்புகளும் கிடைக்கும். உங்கள் வண்டியின் அறிகுறிக்கு "மென்பொருளை மாற்று" என்றோ "வால்வ் பாடியை (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) மாற்று" என்றோ கம்பெனியே எழுதியிருந்தால், அதை பிரிண்ட் எடுத்து வையுங்கள். முழுவதும் பிரித்துச் சரிசெய்யும் ரீபில்ட் என்று ஷாப் சொல்லும்போது கேள்வி கேட்க அது உதவும்.

வாரண்டி முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, சர்வீஸ் ரசீது எல்லாம் இருக்கிறது என்றால், கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு போன் செய்து "குட்வில்" உதவி கேளுங்கள். தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் பாகத்தின் விலையையோ செலவில் ஒரு பகுதியையோ ஏற்றுக்கொள்வது உண்டு. டீலரிடம் செய்யும் வேலைக்குத்தான் இது கிடைக்கும், செயின் ஷாப்பில் செய்த வேலைக்குப் பிறகு கேட்டால் கிடைக்காது. அதனால் இந்தக் கேள்வி முதலில் வருகிறது. ஆயிலை வெளியே மாற்றினீர்கள் என்பதற்காக மட்டும் கம்பெனி வாரண்டியை மறுக்க முடியாது. 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் அதைத் தடுக்கிறது. ரசீது மட்டும் இருக்க வேண்டும்.

சர்வீஸ் கான்ட்ராக்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கான்ட்ராக்ட் கம்பெனியின் முன் அனுமதி இல்லாமல் கியர் பாக்ஸைப் பிரித்தால் பணம் வராது. ஷாப்காரர் அவர்களுக்கு போன் செய்து எண் வாங்க வேண்டும், தேவைப்பட்டால் அவர்கள் ஒரு ஆளை அனுப்பிப் பார்ப்பார்கள். மறுத்துவிட்டால் பிரித்த கூலி உங்கள் தலையில்தான். இந்தத் தொழிலில் விளம்பரத்துக்கும் கைக்கு வருவதற்கும் தூரம் அதிகம். கார்ஷீல்டு நிறுவனமும் அதன் கான்ட்ராக்ட்டை நிர்வகித்த நிறுவனமும் 2024-இல், நுகர்வோரைக் காக்கும் மத்திய அமைப்பான எஃப்டிசியின் வழக்கில் 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

சாதாரண கார் இன்சூரன்ஸ் தேய்மானத்துக்குத் தராது. அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

4. சோதனைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்

சோதனையில் இரண்டு வகை உண்டு. வெளியிலிருந்து செய்வது ஒன்று: வண்டியின் கணினி பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணை (கோடு) படிப்பது, ஆயிலின் அளவும் நிறமும் பார்ப்பது, ஓட்டிப் பார்ப்பது, லிஃப்டில் தூக்கிக் கசிவு தேடுவது. இன்னொன்று கியர் பாக்ஸைக் கழற்றி மேசையில் வைத்துப் பிரிப்பது. முதலாவது பல செயின்களில் இலவசம் அல்லது நூறு, நூற்றைம்பது டாலர். இரண்டாவதற்கு ஷாப்பில் "டியர்-டவுன்" என்பார்கள், அதன் கூலி பல நூறு டாலர். "ஃப்ரீ இன்ஸ்பெக்‌ஷன்" என்று பலகையில் இருப்பது முதலாவதுதான். ஆனால் கவுன்ட்டரில் நீட்டும் தாளில் இரண்டுக்கும் சேர்த்தே கையெழுத்து வாங்கிவிடுவது உண்டு.

எனவே தாளில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்: சோதனை மட்டும், பிரிக்க அனுமதி இல்லை. நகல் இல்லாவிட்டால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போகும் முன் கோடை நீங்களே படித்துவிடுவது நல்லது. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற பெட்ரோல் கார்களிலெல்லாம், கோடு படிக்கும் கருவியைச் செருகும் ஓபிடி-2 சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். ஆட்டோஸோன் போன்ற பாகக் கடைகளில் இலவசமாகப் படித்துக் கொடுப்பார்கள். பி0700 என்று வந்தால் டிரான்ஸ்மிஷன் பக்கம் ஏதோ கோளாறு என்பது மட்டுமே பொருள், கூடவே வரும் எண்தான் முக்கியம். பி0750 போன்றவை ஷிஃப்ட் சொலினாய்டு (கியர் மாற்றும் மின்வால்வு) சம்பந்தப்பட்டவை. பல வண்டிகளில் அதைக் கியர் பாக்ஸைக் கழற்றாமலேயே மாற்றலாம். பி0741, என்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் பற்றியது, அதற்கும் காரணம் சில சமயம் ஒரு சொலினாய்டாக இருக்கும்.

இன்னொன்று: எல்லாச் சத்தமும் கியர் பாக்ஸ் சத்தம் அல்ல. திருப்பும்போது "டக் டக்" என்றால் சிவி ஆக்ஸில். கியர் போட்டதும் ஒரு இடி இடித்தால் என்ஜின் மவுன்ட் உடைந்திருக்கலாம். வேகத்தோடு கூடிவரும் ஹும் என்ற ஓசை வீல் பேரிங்காக இருக்கலாம். இவை எல்லாம் நூற்றுக்கணக்கில் முடிகிற செலவு. ஷாப்பில் "டிரான்ஸ்மிஷன் போய்விட்டது" என்று நீங்களே முடிவைச் சொல்லாதீர்கள். எப்போது, எந்த வேகத்தில், சூடானபோதா குளிர்ந்திருந்தபோதா என்று அறிகுறியை மட்டும் சொல்லுங்கள். முடிவை நீங்களே சொல்லிவிட்டால் அவர்களுக்குத் தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடுகிறது.

பிரித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அனுமதிக்கும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: பிரிக்கக் கூலி, வேலையைக் கொடுக்காவிட்டால் மறுபடி பூட்டக் கூலி, வேலையைக் கொடுத்தால் பிரித்த கூலி மொத்தத்தில் கழியுமா என்பது. கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டமே உண்டு. பிரிப்பதற்கான எஸ்டிமேட்டில் மறுபடி பூட்டும் செலவும் இருக்க வேண்டும், பிரித்தால் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம் என்றால் அதையும் சொல்ல வேண்டும். மற்ற மாநிலங்களில் விதி வேறுபடும். கேட்பதை யாரும் தடுக்கப்போவதில்லை.

5. எஸ்டிமேட்டை வரி வரியாகப் படியுங்கள்

"நாலாயிரம்" என்பது எதற்கான விலை என்று முதலில் கேளுங்கள். உங்கள் கியர் பாக்ஸையே பிரித்துச் சரிசெய்வது ரீபில்ட். தொழிற்சாலையில் புதுப்பித்து வருவது ரீமேன். உடைத்த வண்டியிலிருந்து எடுத்து மாட்டுவது யூஸ்டு. யூஸ்டு மலிவு, ஆனால் வாரண்டி பெரும்பாலும் சில மாதம்தான், கூலியும் அதில் சேராது. ரீமேன் விலை கூடுதல், விலை முன்கூட்டியே உறுதியாக இருக்கும். ஜாஸ்பர் போன்ற நிறுவனங்கள் 3 வருடம், 1,00,000 மைல் வாரண்டி தருகின்றன. வண்டியை இன்னும் சில வருடம் ஓட்டுவதாக இருந்தால் நான் ரீமேன் பக்கம்தான் சாய்வேன்.

ரீபில்டில் ஒரு பொறி உண்டு. முதலில் சொல்லும் விலை கிளட்ச் தட்டு, சீல், காஸ்கெட் போன்ற மென்பாகங்களுக்கு மட்டும் இருக்கும். பிரித்த பிறகு போன் வரும்: "பம்ப் தேய்ந்திருக்கிறது, டிரம் கீறியிருக்கிறது, இன்னும் ஆயிரத்து இருநூறு." எனவே எஸ்டிமேட்டிலேயே கேளுங்கள்: வன்பாகங்கள் எல்லாம் சேர்ந்தாலும் இதற்கு மேல் போகாது என்ற உச்சவரம்பு எவ்வளவு? கடன் எவ்வளவு வாங்குவது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

பிறகு, டார்க் கன்வெர்ட்டர் உண்டா, கூலரைக் கழுவுவது உண்டா, ஆயில் விலை உண்டா, கணினியில் புரோகிராம் செய்யும் கட்டணம் உண்டா, பழைய பாகத்துக்கான கோர் டெபாசிட் திரும்ப வருமா என்று பாருங்கள். "ஷாப் சப்ளைஸ்" என்று ஒரு வரி இருக்கும், கேட்டால் குறைப்பார்கள்.

செயின் என்றாலும் பெரும்பாலான கிளைகள் தனி முதலாளிகளின் ஃப்ரான்சைஸ். ஒரே பலகை தொங்கினாலும் இரண்டு கிளைகளில் இரண்டு விலை இருக்கலாம், பேரமும் பேசலாம். வாரண்டியைப் பற்றி ஒரு கேள்வி: நாடு முழுவதும் எந்தக் கிளையிலும் செல்லுமா, இந்தக் கிளையில் மட்டுமா? படிப்பு முடிந்து வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கு இந்தக் கிளையில் மட்டும் செல்லும் வாரண்டியால் பயன் இல்லை. பாகத்துக்கு மட்டும் வாரண்டியா, கூலிக்கும் சேர்த்தா என்பதையும் கேளுங்கள்.

இந்த எஸ்டிமேட்டோடு செயின் அல்லாத ஒரு தனி டிரான்ஸ்மிஷன் ஷாப்புக்கும், டீலருக்கும் போன் செய்து விலை கேளுங்கள். வண்டியை எடுத்துப் போக வேண்டியதில்லை. விஐஎன்னும் கோடும் சொன்னால் போதும். டீலர் எப்போதும் விலை அதிகம் என்று நம்மூர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள், சிவிடி விஷயத்தில் அது பல சமயம் உண்மை இல்லை.

6. வண்டி அந்தச் செலவுக்குத் தகுமா

கார் விலை சொல்லும் கெல்லி புளூ புக் தளத்தில், ஓடும் நிலையில் வண்டி என்ன விலை போகும் என்று பாருங்கள். பழைய கார்களை வாங்கி விற்கும் கார்மேக்ஸில் இப்போதைய நிலையைச் சொல்லி விலை கேளுங்கள். ஓடும் விலைக்கும் ஓடாத விலைக்கும் உள்ள வித்தியாசத்தைவிட ரிப்பேர் அதிகம் என்றால் விற்றுவிடுவது புத்திசாலித்தனம். கார் லோன் பாக்கி இருந்தால் கணக்கு மாறும், ஏனென்றால் விற்றாலும் பாக்கியைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

7. பணத்தை எங்கிருந்து எடுப்பது

ஷாப்பில் நீட்டும் விண்ணப்பத்தைக் கடைசியாகப் பாருங்கள். கவுன்ட்டரில் நிற்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான், பெரும்பாலும் விலை கூடுதலானதும் அதுதான். நான் சொல்லும் வரிசை, மலிவிலிருந்து மேலே:

கையிருப்பு. அவசரத்துக்கென்று வைத்திருக்கும் பணம் இதற்குத்தான். ஆனால் மொத்தமும் கொடுத்துவிட்டு வாடகைக்குக் கார்டைத் தேய்க்கும் நிலை வேண்டாம்.

கைமாற்று. நண்பர்களிடம் வாங்குவது நம்மிடையே சகஜம். எவ்வளவு, எப்போது திருப்புவது என்று ஒரு மெசேஜில் எழுதிவிடுங்கள். நட்புக்கு அதுதான் நல்லது.

சாதாரண வங்கியின் 0 சதவீத அறிமுக வட்டிக் கார்டு. ஸ்கோர் நன்றாக இருந்தால் 12 மாதமோ அதற்கு மேலோ வட்டி இல்லாமல் கிடைக்கும். காலம் முடிந்தபின் மிச்சப் பாக்கிக்கு மட்டும் வட்டி, பின்னோக்கிப் போகாது. சிக்கல், புதுக் கார்டு கைக்கு வர சில நாள் ஆகும் என்பதுதான். வண்டி வீட்டு வாசலில் நின்றால் காத்திருக்கலாம். ஷாப்பில் நின்றால் கஷ்டம்.

கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களே உரிமையாளர்களான கூட்டுறவு வங்கி போன்றது) கடன். பல பல்கலைக்கழகங்களைச் சார்ந்து ஒன்று இருக்கும், மாணவர்களும் சேரலாம். ஃபெடரல் கிரெடிட் யூனியன்கள் சாதாரணக் கடனுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது. 3,600 டாலரை 18 சதவீதத்தில் 12 மாதத்துக்கு எடுத்தால் மாதம் சுமார் 330 டாலர், மொத்த வட்டி சுமார் 360 டாலர். ஸ்கோர் சரியில்லாதவர்களுக்கு "பேல்" என்ற சிறு கடனும் சில யூனியன்களில் உண்டு. அதில் 2,000 டாலர் வரை, வட்டி உச்சம் 28 சதவீதம்.

தவணை ஆப்புகள். சன்பிட், அஃபர்ம் போன்றவை. ஏபிஆர் (வருட வட்டி வீதம்) 0 முதல் 36 சதவீதம் வரை ஆளுக்கு ஆள் மாறும். மாதத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல் ஏபிஆரையும் மொத்தத் தொகையையும் பாருங்கள்.

ஷாப் கார்டு. பல செயின்களில் சிங்க்ரனி கார் கேர் கார்டு, ஃபயர்ஸ்டோனில் அதன் சொந்தக் கார்டு. "6 மாதம் வட்டி இல்லை" என்பார்கள். இது தள்ளிவைத்த வட்டி. 6 மாதத்துக்குள் முழுத் தொகையும் கட்டினால்தான் வட்டி இல்லை. ஒரு டாலர் பாக்கி இருந்தாலும் முதல் நாளிலிருந்து ஓடிய வட்டி முழுவதும் ஒரே நாளில் ஏறும். 3,600 டாலருக்கு மாதம் 500 கட்டி, 6 மாத முடிவில் 600 பாக்கி வைத்தவருக்கு, ஏபிஆர் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே அந்த 600-க்கு மேல் சுமார் 350 டாலர் வட்டி விழும். ஸ்டேட்மென்ட்டில் வரும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் 6 மாதத்தில் கடன் தீராது, அது அதற்காகக் கணக்கிடப்பட்டதும் அல்ல. மாதம் 600 கட்ட முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் இது நல்ல கார்டு. இல்லையென்றால் கிரெடிட் யூனியனே மேல்.

லீஸ்-டு-ஓன். "கிரெடிட் தேவையில்லை" என்ற பலகைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஸ்னாப், அசிமா, கோவலாஃபி, புரோகிரசிவ் லீஸிங் போன்ற பெயர்கள். தாளில் வட்டி என்ற வார்த்தை இருக்காது, ஏனென்றால் சட்டப்படி இது வாடகை. முதல் மூன்று மாதம் போல ஒரு காலத்துக்குள் அடைத்துவிட்டால் பாதிப்பு குறைவு. 12 மாதம் முழுவதும் ஓட்டினால் ரிப்பேர் விலை ஏறக்குறைய இரட்டிப்பாவது சாதாரணம். மொத்த விலையைப் பற்றி வாடிக்கையாளர்கள் தவறாக எண்ணும்படி செய்தது என்ற எஃப்டிசி குற்றச்சாட்டில், புரோகிரசிவ் லீஸிங் 2020-இல் 17.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. வேறு வழியே இல்லாமல் எடுத்தால், முன்கூட்டி அடைக்கும் கடைசித் தேதியையும் அன்று கட்ட வேண்டிய தொகையையும் எழுத்தில் வாங்குங்கள்.

வண்டியின் உரிமைப் பத்திரத்தை அடகு வைத்து வாங்கும் டைட்டில் லோன் வேண்டவே வேண்டாம். மாதத்துக்கு 25 சதவீதம் என்பது அங்கே வழக்கமான வட்டி, கட்டத் தவறினால் வண்டியும் போய்விடும்.

விண்ணப்பங்களில் ஸ்கோரைப் பாதிக்காத முன்தகுதிச் சோதனை உண்டா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரே நாளில் நாலு இடத்தில் முழு விண்ணப்பம் போட்டால் ஸ்கோர் இறங்கும், ஐந்தாவது இடத்தில் மறுப்பு வரலாம்.

8. இப்போது கையெழுத்துப் போடலாம்

எழுத்தில் இருக்க வேண்டியவை: மொத்தத் தொகை வரியோடு சேர்த்து, உச்சவரம்பு, எந்த வகைக் கியர் பாக்ஸ், வாரண்டியின் மாதமும் மைலும், முடியும் தேதி. அதோடு ஒரு வரி: இதற்கு மேல் செலவு வந்தால் என்னிடம் கேட்காமல் செய்யக் கூடாது. பழைய பாகங்களைத் திரும்பக் கேட்பதாக இருந்தால் அதையும் இப்போதே எழுதுங்கள், வேலை முடிந்தபின் கேட்டால் போய்விட்டது என்பார்கள்.

முன்பணம் பாகத்தின் விலைக்குக் கேட்பது நியாயம். முழுத் தொகையையும் முன்னால் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தவணைக் கம்பெனி பணத்தை நேராக ஷாப்புக்கு அனுப்பும் வகை என்றால், வேலை முடிந்த பிறகே அனுப்பும்படி கேட்கலாம்.

9. நடுவில் வரும் போன்

"உள்ளே இன்னொன்று கெட்டிருக்கிறது" என்ற அழைப்புக்கு போனிலேயே ஒப்புக்கொள்ளாதீர்கள். படமும் விலையும் மெசேஜில் அனுப்பச் சொல்லுங்கள். உச்சவரம்புக்குள் என்றால் பேச்சு இல்லை. தாண்டினால் எஸ்டிமேட்டை நினைவூட்டுங்கள். உங்கள் வேலைக்கு நடுவில் போனில் பேசும்போது மறுத்துச் சொல்லும் குரல் தானாகவே இறங்கிவிடும், மெசேஜில் அந்தத் தொல்லை இல்லை.

10. வண்டியை எடுக்கும் நாள்

பணம் கட்டும் முன் ஓட்டிப் பாருங்கள், முடிந்தால் மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்கார வைத்து. உள்சாலை, ஹைவே, ரிவர்ஸ், மேட்டில் நின்று கிளம்புவது என எல்லாம் பாருங்கள். இருபது நிமிடமாவது ஓட்ட வேண்டும், ஏனென்றால் சில கோளாறுகள் சூடான பிறகுதான் தெரியும். திரும்பி வந்து கீழே கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கிரெடிட் கார்டில் கட்டுவது நல்லது. டெபிட்டிலோ, வங்கிப் பணப்பரிமாற்றச் சேவையான ஸெல்லிலோ கட்டிவிட்டால் சண்டை போட இடம் குறைவு. வேலையின் தரம் சரியில்லை என்று கார்டு கம்பெனியிடம் வாதாட, முதலில் ஷாப்போடு பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும். அந்தத் தொகை 50 டாலருக்கு மேல் இருந்து கார்டில் பாக்கியாகவும் இருக்க வேண்டும், ஷாப் உங்கள் மாநிலத்திலோ 100 மைலுக்குள்ளோ இருக்க வேண்டும். எனவே பிரச்சினை இருக்கும்போது பாக்கியை அவசரப்பட்டு அடைத்துவிடாதீர்கள்.

பில்லில் உடன்பாடு இல்லை என்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வருவது பெரிய தவறு. செய்த வேலைக்கான பணம் வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள ஷாப்புக்குச் சட்டப்படி உரிமை உண்டு. நிறுத்திய வாடகையும் ஏறும், கடைசியில் ஏலத்துக்கும் போகலாம். கார்டில் கட்டி, பில்லில் "பெய்ட் அண்டர் புரோடெஸ்ட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்து வாருங்கள். பிறகு கார்டு கம்பெனியிடமும், மாநில அலுவலகத்திலும் புகார் செய்யலாம். கலிஃபோர்னியாவில் அதற்கு பீரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் இருக்கிறது. நியூயார்க்கில் வாகனத் துறையான டிஎம்வி, அங்கே வேலை முடிந்து 90 நாள் அல்லது 3,000 மைலுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

11. தவணை ஓடும் மாதங்கள்

ஷாப் கார்டு எடுத்திருந்தால், சலுகை முடியும் தேதியைப் போனில் பதிந்து, அதற்கு முந்தைய மாதமே கடன் தீரும்படி வகுத்து ஆட்டோபே வையுங்கள். குறைந்தபட்சத் தொகைக்கு ஆட்டோபே வைத்துவிட்டு மறந்துபோவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அதே கார்டில் டயர், ஆயில் என்று வேறு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் கூடுதலாகக் கட்டும் பணம் எந்தப் பாக்கிக்குப் போகிறது என்பது குழம்பிவிடும். சலுகையின் கடைசி இரண்டு பில் மாதங்களில்தான் கூடுதல் பணம் முதலில் அந்தச் சலுகைப் பாக்கிக்குப் போக வேண்டும் என்று விதி இருக்கிறது.

வாரண்டி செல்ல, குறிப்பிட்ட மைலில் மறுசோதனைக்கு வர வேண்டும் என்று சில தாள்களில் இருக்கும். போய்வந்து ரசீதை பில்லோடு சேர்த்து வையுங்கள். 12 மாத வாரண்டி என்றால் பதினோராவது மாதத்தில் வண்டியை ஒருமுறை கொண்டுபோய், சின்ன நழுவலோ கசிவோ இருந்தாலும் அவர்கள் தாளிலேயே தேதியோடு எழுத வைத்துவிடுங்கள். வாரண்டிக்குள் பதிவான புகாரைப் பிறகு மறுப்பது அவர்களுக்குச் சுலபம் இல்லை.